ஒன்றும் தெரியாதவர்கள்

என் புத்தக அலமாரிக்கு ஒரு விசேஷ குணம் உண்டு. எனக்கு வேண்டாத புத்தகங்கள் எல்லாம் அதில் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கும். வேண்டிய புத்தகம் மட்டும், யாரோ ஒளித்து வைத்தது போல, அகப்படவே அகப்படாது. நாற்பது வருஷமாக நானும் அந்த அலமாரியும் இப்படியே ஒருவரையொருவர் சகித்துக்கொண்டு காலம் தள்ளி வருகிறோம்.

சென்ற ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழைய பிரயாண நூல் ஒன்றைத் தேட ஆரம்பித்தேன். காலை எட்டு மணிக்கு ஆரம்பித்த வேலை பத்தரை மணிக்கும் முடியவில்லை. தூசி மூக்கில் ஏறி வரிசையாகத் தும்மல் வேறு. ஆறாம் வகுப்பில் படிக்கும் என் பேத்தி நாற்காலியில் உட்கார்ந்து கால்களை ஆட்டிக்கொண்டு இந்த வேடிக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தாத்தா, மொத்தம் எத்தனை புஸ்தகம் இருக்கும்?" என்று கேட்டாள்.

"இரண்டாயிரம் இருக்கும். ஏன்?"

"எழுதினவங்க பேர் வரிசையிலே அடுக்கி வெச்சீங்கன்னா, பதினோரு புஸ்தகத்தைப் பார்த்தாப் போதும். எந்தப் புஸ்தகமா இருந்தாலும் கிடைச்சுடும்."

நான் சிரித்தேன். இரண்டாயிரத்தில் ஒன்றைக் கண்டுபிடிக்கப் பதினோரு புத்தகமா? அவள் சிரிக்கவில்லை. நாற்காலியை விட்டு இறங்கி வந்து விளக்கினாள். முதலில் சரியாக நடுவில் இருக்கும் புத்தகத்தை எடுக்க வேண்டுமாம். நாம் தேடும் பெயர் அதற்கு முன்னால் வருமா, பின்னால் வருமா என்று பார்க்க வேண்டியது. முன்னால் என்றால், பின்பாதி ஆயிரம் புத்தகங்களை அப்படியே மறந்துவிடலாம். மிச்சம் இருக்கும் ஆயிரத்தில் மறுபடியும் நடு, அப்புறம் ஐந்நூறு, அப்புறம் இருநூற்றைம்பது. இப்படிப் பாதி பாதியாக வெட்டிக்கொண்டே போனால் பதினோராவது தடவைக்குள் புத்தகம் கையில் இருக்கும். காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். கணக்கு சரியாக இருந்தது!

அகராதியில் சொல் தேடும்போது ஏறக்குறைய இதைத்தான் நான் ஆயுள் முழுவதும் செய்து வந்திருக்கிறேன் என்பது அப்புறம்தான் உறைத்தது. 'ம'வில் வரும் சொல்லுக்காக யாரும் 'அ'விலிருந்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டுவதில்லை. குத்துமதிப்பாகப் பிரிக்கிறோம், முன்னே போகிறோம், பின்னே வருகிறோம். கை அறிந்திருந்த விஷயத்தை மனம் அறியாமல் இருந்திருக்கிறது.

சமையலறையிலிருந்து என் மனைவி ஒரு கேள்வி கேட்டாள். "இரண்டாயிரம் புஸ்தகத்தையும் வரிசையா அடுக்கறதுக்கு எத்தனை நாள் ஆகும்? அதைக் கணக்கிலே சேர்க்கலையே?"

பேத்தி கொஞ்சம் யோசித்தாள். "பாட்டி சொல்றது சரிதான். ஒரே ஒரு தடவை தேடறதுக்காக அடுக்கினா நஷ்டம். தினம் தினம் தேடறதா இருந்தாத்தான் லாபம். தாத்தா தினம் தேடறாங்களே!"

நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் உழைத்து நாங்கள் மூவரும் அந்த அலமாரியை அடுக்கி முடித்தோம். அந்த நான்கு வாரமும் என் வீட்டில் நடந்த சம்பாஷணையை, என் மகனும் மருமகளும் வேலை பார்க்கும் பெரிய கம்பெனிகளில்கூட யாரும் அவ்வளவு சிரத்தையோடு பேசியிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

இதற்குப் பெயர் 'கம்ப்யூடேஷனல் திங்கிங்' என்று மகன் சொன்னான். தமிழில் 'கணினிச் சிந்தனை' என்கிறார்கள். பெயரைக் கேட்டால் கணினி உட்கார்ந்து சிந்திப்பது போல இருக்கிறது. விசாரித்துப் பார்த்தால், சிந்திக்க வேண்டிய பொறுப்பு முழுவதும் நம்முடையதுதான். கல்யாணச் சமையல்காரர் ஐந்நூறு பேர் விருந்தை எப்படிச் சமாளிக்கிறார் என்று கவனித்திருக்கிறீர்களா? பெரிய வேலையைச் சின்னச் சின்ன வேலைகளாகப் பிரிக்கிறார். நூறு பேருக்கு இவ்வளவு அரிசி என்று ஓர் ஒழுங்கைத் தெரிந்து வைத்துக்கொண்டு ஐந்தால் பெருக்குகிறார். மாப்பிள்ளை என்ன உத்தியோகம், பெண்ணுக்கு எத்தனை பவுன் போன்ற வேண்டாத விவரங்களை விலக்கிவிடுகிறார். கடைசியில் எதன் பின் எது என்று உதவியாளர்களுக்குத் தெளிவாகச் சொல்லிவிட்டுத் திண்ணையில் வெற்றிலை போட உட்கார்ந்துவிடுகிறார். பிரிப்பது, ஒழுங்கைக் காண்பது, வேண்டாததை விலக்குவது, வழிமுறை வகுப்பது - புதிய பாடத்தின் நான்கு தூண்களும் இவைதான். யந்திரம் வந்தாலும் வராவிட்டாலும் மனிதனுக்கு வேண்டிய காரியங்கள்.

2006-ஆம் வருஷத்தில் ஜெனட் விங் என்ற அமெரிக்கப் பேராசிரியை ஒரு சிறு கட்டுரை எழுதினார். எழுத, படிக்க, கணக்குப் போடத் தெரிவது போல இந்த விதமான சிந்தனையும் எல்லாக் குழந்தைகளுக்கும் வேண்டும் என்பது அதன் சாரம். அதன் பிறகு இந்தப் பேச்சு உலகெங்கும் பரவிவிட்டது. இங்கிலாந்தில் 2014 முதல் ஐந்து வயதுக் குழந்தைகளின் பாடத்திலேயே இது சேர்ந்துவிட்டது. நம் நாட்டில் 2020-ஆம் வருஷத்துத் தேசியக் கல்விக் கொள்கை, அடிப்படை நிலையிலிருந்தே இதற்கு முக்கியத்துவம் கொடுக்கச் சொன்னது. 2025 அக்டோபரில் மத்திய கல்வி அமைச்சகம், 2026-27 கல்வியாண்டிலிருந்து மூன்றாம் வகுப்பு முதலே செயற்கை நுண்ணறிவும் கணினிச் சிந்தனையும் கற்பிக்கப்படும் என்று அறிவித்தது.

இதையெல்லாம் தெரிந்துகொண்டபோது எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. என் பேத்தியின் காலாண்டுப் பரீட்சைத் தாள் வீட்டுக்கு வரும் வரையில் அந்தச் சந்தோஷம் நீடித்தது.

அன்று பள்ளியிலிருந்து வந்தவள் பையைக்கூடக் கழற்றாமல் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டாள். பாட்டி கொடுத்த பாலைத் தொடவில்லை. வெகு நேரம் கெஞ்சிய பிறகு விடைத்தாளை எடுத்து நீட்டினாள். கம்ப்யூட்டர் பரீட்சை. 'ஒரு வகுப்பின் பெயர்ப் பட்டியலில் ஒரு மாணவரின் பெயரைக் கண்டுபிடிக்கும் வழிமுறையை எழுதுக' என்பது கேள்வி. ஐந்து மார்க்.

புத்தகத்தில் அச்சாகியிருந்த விடை இது: முதல் பெயரைப் பார், அதுவா? இல்லையென்றால் அடுத்த பெயரைப் பார். பட்டியல் முடியும் வரை இப்படியே செய். அந்த விடையில் தப்பு ஒன்றும் இல்லை. பெயர்கள் தாறுமாறாக எழுதப்பட்டிருந்தால் அதைத் தவிர வேறு வழியும் கிடையாது. என் பேத்தி, 'பெயர்கள் அகர வரிசையில் இருந்தால்' என்று ஜாக்கிரதையாக ஆரம்பித்து, எங்கள் அலமாரி வித்தையை ஆறு படிகளில் அழகாக எழுதியிருந்தாள். அதன் மேல் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு. ஓரத்தில் ஒரு பூஜ்யம்.

"சரி, போகட்டும். ஐந்து மார்க்தானே?" என்றேன்.

"மார்க் இல்லே தாத்தா. புஸ்தகத்திலே இருக்கிறதைக்கூட எழுதத் தெரியலே, உனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு மிஸ் சொல்லிட்டாங்க. எல்லாரும் சிரிச்சாங்க." அவள் குரல் உடைந்தது. "நிஜமாவே எனக்கு ஒண்ணும் தெரியாது தாத்தா."

அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு மாடிப்படி மறந்தது. பேத்திகூட மறந்து போனாள். அறுபது வருஷத்துக்கு மேற்பட்ட ஒரு பழைய மத்தியானம் என் எதிரே வந்து நின்றது.

அது 1961-ஆம் வருஷம், மார்கழி மாதம். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். நான் ஐந்தாம் வகுப்பு. வாத்தியார் ஏதோ ஒரு ரிஜிஸ்தரை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பையனாக எழுப்பி, தகப்பனார் என்ன படிப்பு, தாயார் என்ன படிப்பு என்று கேட்டு எழுதிக்கொண்டிருந்தார். என் முறை வந்தது. "அப்பா மூணாம் பாரம் சார்" என்று பெருமையாகச் சொன்னேன். "அம்மா?" என்றார். என் தாயாருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. எனக்கு முன்னால் சொன்ன பையனின் தாயார் எட்டாவது படித்தவள். எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தை மறைப்பதற்காகக் கொஞ்சம் வேடிக்கையாகவே சொன்னேன்: "அம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது சார்."

வகுப்பு முழுவதும் சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். திரும்பிப் பார்த்தபோது வாசற்படி அருகில் அம்மா நின்றுகொண்டிருந்தாள். நான் மறந்து வைத்துவிட்டுப் போன மோர்சாதத் தூக்கு அவள் கையில் இருந்தது. தூக்கை என்னிடம் கொடுத்துவிட்டு, "சிந்தாமச் சாப்பிடு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் விடியற்காலையில் வழக்கம் போல என்னை எழுப்பினாள். மார்கழி மாதத்தில் அம்மா கோலம் போடும்போது அரிக்கேன் விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பது என் வேலை. எதிர் வீட்டு அத்தை இருட்டிலேயே குரல் கொடுப்பாள்: "இன்னிக்கு என்ன?" அம்மா பதில் சொல்வாள்: "பதினஞ்சு, எட்டு வரை, ஊடு புள்ளி." அவ்வளவுதான் பேச்சு. அந்த இரண்டு எண்களையும் ஒரு வார்த்தையையும் வைத்துக்கொண்டு, தெருவின் இரு பக்கத்திலும் இரண்டு பெண்கள் ஒரே மாதிரியான இரண்டு புள்ளி வரிசைகளை வைத்து முடித்துவிடுவார்கள். நடுவில் பதினைந்து; அதற்கு மேலும் கீழும் பதினான்கு, பதின்மூன்று என்று குறைந்துகொண்டே வந்து எட்டில் நிற்கும். மொத்தம் 169 புள்ளிகள். அதை நான் கூட்டிப் பார்த்தது மிகவும் பிற்காலத்தில். அம்மாவுக்கு 169 என்ற எண்ணை எழுதத் தெரியாது. ஆனால் ஒரு புள்ளி கூடியதும் இல்லை, குறைந்ததும் இல்லை.

அன்றைக்குப் போட்டது சிக்குக் கோலம். ஒரே இழை எல்லாப் புள்ளிகளையும் சுற்றி வளைந்து வளைந்து போய், புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர வேண்டும். அன்று சேரவில்லை. ஒருநாளும் தப்பாத கை அன்றைக்கு ஏன் தப்பியது என்று அந்த வயதில் எனக்குத் தோன்றவில்லை. "எல்லாத்தையும் அழிச்சுட்டுப் புதுசாப் போடும்மா" என்று சொல்லிக் காலை நீட்டினேன்.

அம்மா என் காலைப் பிடித்துத் தடுத்தாள். "முழுசையும் அழிக்காதேடா. தப்பு முடிவிலே இல்லே. வந்த வழியிலே எங்கேயோ இருக்கு" என்றாள். இழையின் மேலே ஆள்காட்டி விரலை ஓட்டிக்கொண்டு வந்த வழியே திரும்பிப் போனாள். ஓரிடத்தில் விரல் நின்றது. ஒரு புள்ளிக்கு இடப்புறமாகப் போக வேண்டிய கோடு வலப்புறமாகப் போயிருந்தது. இரண்டு அங்குலத்தை மட்டும் ஈரத்துணியால் துடைத்துவிட்டு மறுபடி போட்டாள். இழை வந்து சேர்ந்துவிட்டது. முந்தின நாள் பள்ளிக்கூடத்தில் நடந்ததைப் பற்றி அன்றைக்கும் அவள் பேசவில்லை. 1983-இல் கண்ணை மூடுகிற வரையிலும் பேசவில்லை. நானும் பேசவில்லை.

எழுத்தாளனுக்கு ஒரு துர்க்குணம் உண்டு. மனம் வருந்தினால்கூட அதைப் பற்றிப் புத்தகத்தில் என்ன இருக்கிறது என்று தேட ஆரம்பித்துவிடுவான். பேத்தி தூங்கிய பிறகு நானும் தேடினேன். இரண்டு செய்திகள் அகப்பட்டன.

முதலாவது, தாம்பரம் கிறிஸ்துவக் கல்லூரியைப் பற்றியது. அங்கே பேராசிரியராக இருந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருதிவாசன் என்ற இருவருடன் சேர்ந்து 1974-இல் கோலத்தைப் பற்றி ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டிருக்கிறார். நம் ஊர்ப் பெண்கள் வாசலில் போடும் கோலங்களுக்கு இலக்கணம் உண்டு, அந்த இலக்கணத்தைக் கம்ப்யூட்டருக்கு விளங்கும் விதிகளாக எழுத முடியும் என்று காட்டிய கட்டுரை. கணினித் துறையில் அது இன்றும் பேசப்படுகிறது. 1974-இல் என் தாயார் உயிருடன் இருந்தாள். நான் தாம்பரம் மின்சார ரயிலில் தினந்தோறும் உத்தியோகத்துக்குப் போய் வந்துகொண்டிருந்தேன். என் தாயாருக்குத் தெரிந்தது இன்னதென்று அந்த ரயில் பாதைக்குப் பக்கத்திலேயே சிலர் கணிதமாக எழுதிக்கொண்டிருந்தார்கள். நானோ ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து நாவலுக்குக் கதாநாயகி தேடிக்கொண்டிருந்தேன்!

இரண்டாவது செய்தி இன்னும் பழையது. 1825-ஆம் வருஷத்தில் ஜான் வாரன் என்ற வெள்ளைக்கார அதிகாரி, புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதரைச் சந்தித்தார். அந்த மனிதர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த வாய்பாடுகளை முணுமுணுத்துக்கொண்டே, அந்த வருஷத்துச் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினாராம். எழுதுகோலும் இல்லை, காகிதமும் இல்லை. கிரகணம் தொடங்கும் நேரத்தில் அவருக்கு ஏற்பட்ட பிசகு ஏறக்குறைய நாலு நிமிஷம். நடுவில் 23 நிமிஷம், முடிவில் 52 நிமிஷம். வாரன் இன்னொன்றும் எழுதி வைத்தார். சோழிகளை ஏன் அப்படி நகர்த்த வேண்டும் என்ற வான சாஸ்திர தத்துவம் அந்த மனிதருக்குத் தெரியாது. அபாரமான ஞாபக சக்தி மட்டும் இருந்தது என்பது அவருடைய அபிப்பிராயம். 1952-இல் நியூகபாவர் என்ற சரித்திர ஆசிரியர் இதை மறுபடி ஆராய்ந்து, அந்த முறையின் வேர்கள் எவ்வளவு பழமையானவை என்று உலகத்துக்கு எடுத்துச் சொன்னார்.

அந்தச் சோழிக் கணிதரை நான் மனதாரக் கும்பிடுகிறேன். ஆனால் அன்று இரவு எனக்குத் தூக்கம் வராமல் செய்தவரும் அவர்தான். காரணம் தெரியாமல் படிகளை மட்டும் பிசகின்றிச் செய்கிற வேலையை இன்றைக்கு யந்திரம் கண் சிமிட்டும் நேரத்தில் முடித்துவிடுகிறது. அதே வேலைக்காகக் குழந்தைகளையும் பழக்குவதற்கு ஒரு பாடம், ஒரு புத்தகம், ஒரு பரீட்சை எதற்கு? சோழிகளை நகர்த்துகிற முறையை முதன்முதலில் ஒருவர் யோசித்துக் கண்டுபிடித்திருப்பார் அல்லவா? அவருடைய தலைக்குள் நடந்தது எதுவோ, அதைத்தானே பள்ளிக்கூடத்தில் வளர்க்க வேண்டும்?

இந்தக் கேள்வியை எனக்கு முன்பே ஒருவர் கேட்டுவிட்டார். சீமோர் பேப்பர்ட் என்று பெயர். 1928-இல் தென்னாப்பிரிக்காவில் பிறந்து, பிறகு அமெரிக்காவில் வாழ்ந்த கணித அறிஞர். 1967-இல் அவரும் சில நண்பர்களும் குழந்தைகளுக்காக 'லோகோ' என்ற கணினி மொழியை உண்டாக்கினார்கள். அதில் ஓர் ஆமை உண்டு. 'முன்னால் நூறு அடி, வலப்புறம் தொண்ணூறு பாகை' என்று நான்கு தடவை சொன்னால் ஆமை ஒரு சதுரம் போட்டுக் காட்டும். சதுரம் வராவிட்டால் குழந்தை அழ வேண்டியதில்லை. தானே ஆமையாகித் தரையில் நடந்து பார்த்து, எந்தத் திருப்பத்தில் பிசகினோம் என்று கண்டுபிடிக்கலாம். தவறு என்பது தண்டனைக்கு உரியதல்ல, ஆராய வேண்டியது என்பது பேப்பர்டின் கொள்கை. கணினி குழந்தையை ஆட்டி வைக்கக் கூடாது, குழந்தைதான் கணினியை ஆட்டி வைக்க வேண்டும் என்று 1980-இல் ஒரு புத்தகமே எழுதினார். படித்துக்கொண்டே வந்த எனக்கு அரிக்கேன் விளக்கின் வெளிச்சமும் ஈரத்துணியும் கண்ணுக்குத் தெரிந்தன.

மறுநாள் காலை, சலவை வேட்டி கட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்டேன். போகிற வழியெல்லாம் மனத்துக்குள் ஒரு பிரசங்கம் தயாராகிக்கொண்டிருந்தது. சிரோமணி, பேப்பர்ட், சோழிக் கணிதர் எல்லாரும் அதில் வரிசையாக வந்தார்கள். கேட்கிறவர்கள் தலை குனிந்து நிற்க வேண்டும். அப்படி ஒரு பிரசங்கம்.

ஆசிரியை வந்தார். இருபத்தாறு, இருபத்தேழு வயது இருக்கும். கையில் ஒரு கட்டு விடைத்தாள், தோளில் ஒரு பை, முகத்தில் தூக்கமின்மை. வணிகவியல் படித்தவராம். கம்ப்யூட்டர் பாடத்துக்கு ஆள் இல்லையென்று அவரிடம் ஒப்படைத்துவிட்டார்கள். எட்டுப் பிரிவுகள், பிரிவுக்கு நாற்பத்தைந்து குழந்தைகளுக்குக் குறையாது. நான் தாளை எடுத்து நீட்டியதும் அவர் படித்துக்கூடப் பார்க்கவில்லை.

"தெரியும் சார். அந்த விடை சரியானதுதான். திருத்தும்போதே தெரிந்தது" என்றார்.

என் பிரசங்கத்தின் முதல் வரியே அடிபட்டுப் போயிற்று.

"பின்னே ஏம்மா?" என்றேன்.

"எட்டுப் பிரிவுக்கும் ஒரே விடைக்குறிப்பு சார். குறிப்பில் இல்லாத விடைக்கு ஒரு குழந்தைக்கு மார்க் போட்டால், இன்னொரு குழந்தையின் அப்பா வந்து என் பெண்ணுக்கு ஏன் இல்லை என்று கேட்பார். மேலே இருப்பவர்கள் குறிப்பை மீறினாயா என்று என்னைக் கேட்பார்கள். முந்நூற்று அறுபது தாளை மூன்று நாளில் திருத்திக் கொடுக்க வேண்டும். யோசிக்க ஆரம்பித்தால் முடியாது சார்."

'யோசிக்க ஆரம்பித்தால் முடியாது.' சிந்திக்கக் கற்றுக்கொடுக்கும் பாடத்தின் ஆசிரியை சொன்ன வார்த்தை அது! அதில் அவர் குற்றம் என்ன இருக்கிறது? யாரோ எழுதிக் கொடுத்த படிகளைப் பிசகாமல் செய்து முடிக்கும்படி அவரையும் ஒரு சோழிக் கணிதர் ஆக்கி வைத்திருக்கிறார்கள். மூன்றாம் வகுப்பிலிருந்து ஆரம்பித்தாலும் சரி, முதல் வகுப்பிலிருந்து ஆரம்பித்தாலும் சரி, கற்பிக்கிறவருக்கு யோசிக்க நேரமும் தைரியமும் தராத பள்ளியில் இந்தப் பாடம் இன்னொரு மனப்பாடமாகத்தான் முடியும். எனக்கு அப்போது தோன்றியது இதுதான். ஆனால் இதைச் சொல்வதற்கு உரிய இடம் அந்தப் பெண்ணின் முகம் அல்ல.

"மார்க் வேண்டாம் அம்மா. அது போகட்டும். அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று மட்டும் சொல்லாதீர்கள்" என்றேன்.

அவர் திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். "நான் அப்படிச் சொன்னேனா சார்?"

அவருக்கு உண்மையாகவே ஞாபகம் இல்லை. சொல்கிறவர்கள் சிரித்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். கேட்கிறவர்கள் தூக்கைக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போகிறார்கள். எனக்கு அது தெரியும்; ஆகவே மேற்கொண்டு ஒன்றும் பேசாமல் விடைபெற்றுக்கொண்டு வந்துவிட்டேன்.

ஒரு வாரம் கழித்துப் பேத்தி வாசலிலிருந்தே கத்திக்கொண்டு ஓடி வந்தாள். மிஸ் அன்று வகுப்புக்கு வருகைப் பதிவேட்டைக் கொண்டு வந்தாராம். யாராவது ஒரு பெயரைச் சொல்லுங்கள் என்றாராம். அவள் எழுதிய முறைப்படி தேடினால் நாற்பத்தாறு பெயரில் ஆறு தடவைக்குள் அகப்படுகிறதா பார்க்கலாம் என்று பந்தயம் கட்டினாராம். ஒவ்வொரு பெயரும் ஆறுக்குள் அகப்பட்டதாம். பிறகு பெயர்களைச் சீட்டில் எழுதிக் குலுக்கிப் போட்டு, இப்போது எந்த முறை உதவும் என்று கேட்டாராம். அந்த இடத்தில் புத்தகத்து விடைதான் ஜெயித்தது. வகுப்பு முழுவதும் ஒரே ஆரவாரம். பூஜ்யம் மட்டும் பூஜ்யமாகவே இருக்கிறது. அதைப் பற்றி அவள் மறுபடி பேசவில்லை.

அன்று ராத்திரி அவளிடம் என் தாயாரைப் பற்றிச் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் நான் சொன்னதையும் மறைக்காமல் சொன்னேன். இத்தனை வருஷத்தில் நான் அதை இன்னொருவரிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் வெகு நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "கொள்ளுப்பாட்டிக்கு அந்தக் கோலம் யார் கத்துக்கொடுத்தாங்க?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. நான் கேட்டதே இல்லை.

மறுநாள் விடியற்காலையில் எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தின் வாசலில், வாட்ச்மேன் ஆச்சரியத்தோடு பார்த்துக்கொண்டிருக்க, எழுபதைத் தாண்டிய நான் கோலமாவுக் கிண்ணத்துடன் குந்தி உட்கார்ந்தேன். பதினைந்துக்குத் துணிவு இல்லை. ஏழு, நாலு வரை, ஊடு புள்ளி. புள்ளி வைத்துவிட்டேன். இழையைத் தொடங்கினேன். முழங்கால் வலித்தது. கோடு நெளிந்தது. ஒருவழியாகச் சுற்றி முடித்தபோது, கோடு புறப்பட்ட இடத்துக்கு வராமல் வேறெங்கோ போய் நின்றது.

சலிப்புடன் அழிப்பதற்காகக் கையை வைத்தேன்.

"இருங்க தாத்தா, எல்லாத்தையும் அழிக்காதீங்க" என்று பேத்தி என் கையைப் பிடித்தாள். "வந்த வழியே திரும்பிப் போய்ப் பார்க்கலாம்."

இருவரும் விரலை வைத்துக்கொண்டு திரும்பிப் போனோம்.